லேசருக்கு முன்னால் பிரிக்க வேண்டிய தையல்: ராஜபாளையத்திலிருந்து மடவார் வளாகம் வரை

1998 ஜூன் மாதம் என் தாய்மாமா செல்லையாவுடன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்கலாம். கண்புரைக்கு லென்ஸ் வைத்த பிறகும் பார்வை தெளியாமல், லேசர் செய்யலாமா என்று குழம்பும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்காக எழுதுகிறேன்.

மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நூற்பாலையில் அறுந்த நூலை ஒட்டுவது இருபத்தாறு வருட வேலை. போன வருடம் ஒரு கண்ணிலும் இந்த ஜனவரியில் மறு கண்ணிலும் இலவச முகாமில் லென்ஸ் வைத்தார்கள். அப்புறமும் ஒவ்வொரு நூலும் பக்கத்தில் ஒரு நிழலோடு தெரிந்தது. ஜூலை முடிவதற்குள் பார்வைச் சான்று கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். அதில் மாமாவின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

பஜாரில் கண்ணாடிக் கடைக்காரர் வழி சொன்னார்: "மதுரையில லேசர் போட்டுட்டா கண்ணாடியவே தூக்கிப் போட்டிரலாம்ணே." ஒரு கண்ணுக்குப் பன்னிரண்டாயிரம். ஆள் பிடித்து அனுப்பினால் அவருக்கு அங்கே கமிஷன் உண்டு. மாமா வீட்டடி மனையை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு கண் டாக்டரிடம் கேட்காமல் விற்கக் கூடாது என்று நான் சண்டை போட்டேன்.

புதன்கிழமை காலை 8.10க்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஏறினோம். டிக்கெட் மூன்று ரூபாய். காலையில் போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள். வெயில் படாது, மலையும் தெரியும். ஊர் நெருங்கும்போது மாமா என் தொடையைத் தட்டினார். "கோபுரம் ரெண்டா நிக்கி மாப்ளே. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சாப்ல."

"ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு கோபுரமா? மிச்சக் காசு குடும்யா" என்றார் கண்டக்டர். மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8.40க்கு இறங்கினோம். டாக்டர் வீடு இருக்கும் மடவார் வளாகத்துக்கு ஆட்டோக்காரர் இருபது கேட்டார். நடந்தே போய்க்கொள்கிறோம் என்றேன். பஸ் நிலையப் படியில் மாமா தடுமாறுவதைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரரே, "பதினஞ்சு குடுங்க. அவியள நடக்க விட்டுக் குழியில தள்ளிராதீரு" என்றார். ஏறிக்கொண்டோம்.

அரசு மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்ற கண் டாக்டரம்மா, அங்கே தன் வீட்டு முன்னறையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கிறார். ஃபீஸ் முப்பது ரூபாய். எங்களுக்குப் பதினான்காவது டோக்கன். கூப்பிடும்போது மணி 10.50.

கருவியில் மாமாவின் தாடையை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். "லென்ஸ் நல்லா உக்காந்திருக்கு. தையலை ஏன் பிரிக்கல?"

நான் மாமாவைப் பார்த்தேன். "ரெண்டு தடவையும் போய்ப் பிரிச்சாச்சுன்னு சொன்னியளே?"

மாமா டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அறுந்த நூல ஒட்டுறதே பொழப்பா இருக்கவன்மா நான். நல்லா இருக்க தையல அறுங்கன்னு எப்படிக் கண்ணக் குடுக்க? உள்ள வச்சது வெளிய வந்துட்டா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "புண்ணு ஆறுற வரைக்கும்தான் தையல் வேணும். பொறவு அது கருவிழியப் பிடிச்சு இழுக்கும். அதான் ரெண்டாத் தெரியுது. லேசர்ங்கிறது அந்தக் கருவிழியச் செதுக்குறது. கோணி நிக்கிறதச் செதுக்கிட்டு, நாளைக்குத் தையல் விட்டுப் போனா என்ன செய்வீங்க? லேசர் போட்டாலும் கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி வேணும். இத யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? முகாம் பேனரில் நன்கொடையாளர் படம் ஆறு இருந்தது. தையல் எதற்கு, எப்போது பிரிக்க வேண்டும் என்று விளக்க ஒரு ஆள் இல்லை. ஆபரேஷனுக்கு ஏற்றிப்போக வேன் வந்தது. தையல் பிரிக்க வரவில்லை. வராதவர்களை யாரும் தேடவும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு அதெல்லாம் எதற்கு?

சொட்டு மருந்து விட்டு, வலது கண்ணில் இரண்டும் இடது கண்ணில் ஒன்றுமாகத் தையலை எடுத்தார். பத்து நிமிடம் ஆகவில்லை. கறுப்பு இழையைப் பஞ்சில் ஒற்றிக் காட்டினார். மாமாவுக்குத் தெரியவில்லை, விரலால் தடவிப் பார்த்தார்.

"நூறாம் நம்பர் நூல விட மெலிசா இருக்கே. எந்த மில்லு நூலு?"

பத்து நாள் மருந்து விடவும், ஐந்து வாரம் கழித்து வரவும் சொன்னார். அதுவரை லேசர் பேச்சே வேண்டாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் மாமா வாய் பிளந்து தூங்கினார். மனை விற்கும் பேச்சு எடுத்ததிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

ஜூலை கடைசி வாரம் மறுபடி போனோம். அளந்து எழுதிக் கொடுத்த கண்ணாடியை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே 280 ரூபாய்க்குச் செய்தோம். அதைப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவின் எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்திய வரி வரை வாசித்தார். சான்று கைக்கு வந்தது. லேசர் சிலருக்குத் தேவைப்படலாம். ஆனால் விலை கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தையல் பிரித்தாயிற்றா, அதற்குப் பிறகு சில வாரம் ஆறவிட்டு அளந்தார்களா, கண்ணாடியே போதாதா. இதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஒன்பதுக்கு முன்னால் போனால் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும்.

மாமா ஆலைக்குத் திரும்பிய முதல் நாளே, அதே முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட மூன்று பேரை அவர் ஷிஃப்டிலேயே கண்டுபிடித்தார். மூவரும் நூல் ஒட்டுகிறவர்கள். ஒருவரும் தையல் பிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை 8.10 பஸ்ஸில் மூவரையும் இடது பக்கம் உட்கார வைத்தார். "கோபுரம் வரும்போது சொல்லுதேன். எத்தனை தெரியுதுன்னு நெசத்தச் சொல்லணும்ல" என்றார்.