நூற்றைத் தாண்டிய கல்

அண்ணே,

நீ போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள் இது.

சின்ன வயதில் நமக்கு அது திருவிழா மாதிரி. தாத்தா கல்லறைக்கு நீயும் நானும் சுண்ணாம்பு அடிப்போம். அம்மா செவ்வந்தியைப் பரப்பி வைப்பாள். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை நமக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு கல்லாகப் போய், செத்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்து, யாருக்கு வயது அதிகம் என்று தேடுவோம். பள்ளிக்கூடத்தில் வராத கழித்தல் கணக்கு எனக்கு அங்கேதான் வந்தது. பின்சுவர் ஓரம், வேப்பமரத்தடியில் ஒருவர் தொண்ணூற்றேழு. அவரை யாரும் தாண்டவே இல்லை.

"அம்புட்டுத்தாண்ணே. மனுசனுக்கு அதுக்கு மேல கெடையாது" என்பேன்.

பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு உனக்கு வாய் கூடிவிட்டது.

"போடி லூசு. எங்க பட்டறையில ஒரு ஓட்ட வண்டி நிக்கிது. பார்ட்ஸ் மாத்தி மாத்தி இன்னும் ஓடுது. மனுசனும் அப்படித்தான், லிமிட்டெல்லாம் இல்ல."

"அப்ப மொதல்ல ஒன் மண்டைய மாத்தச் சொல்லு."

"நூறத் தாண்டுன கல்லு ஒண்ணு இருந்துட்டா, காலம்பூரா நீதான் தனியா சுண்ணாம்பு அடிக்கணும். பந்தயமா?"

அப்படி ஒரு கல் கிடைப்பதற்குள் உனக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது. தாத்தா பெயருக்குக் கீழே உன் பெயரை வெட்டினார்கள்.

இந்த வருஷம் சுண்ணாம்பு வாளியோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை. இரண்டு சிறுமிகள் நம் விளையாட்டையே விளையாடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குனிந்து நம் கல்லைப் படித்தாள்.

"மேல எழுபத்தொண்ணு. கீழ இருவத்தாறு. ச்சே, சின்னதுடி. வா."

கோபம் வரவில்லை. நாமும் அப்படித்தானே தாண்டிப் போனோம்.

"வேப்பமரத்துகிட்ட போங்க, தொண்ணூத்தேழு இருக்கு" என்றேன்.

"அது பழசுக்கா! வாசல் கேட்டுகிட்ட புதுக் கல்லு, நூத்தி ரெண்டு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா. இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். நூற்றிரண்டுதான்.

"நீ ஜெயிச்சிட்டண்ணே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எல்லை இருக்கிறதோ இல்லையோ, உனக்கு மட்டும் ஏன் இருபத்தாறிலேயே என்றுதான் எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து, உன் பெயரில் படாமல் சுண்ணாம்பு அடித்தேன். தனியாகத்தான். இனிமேல் எல்லா வருஷமும் நான்தான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றும்போது என் அண்ணனுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். வயது சின்னது என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.