நான்கு வால்வுகளுக்காக பாயான் லெப்பாஸ் வரை

டத்தோ கிராமாட்டிலிருந்து, எங்கள் தீவின் தென்பகுதியில் உள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பேருந்தில் மூன்று ரிங்கிட் வெள்ளிக்குள் போய்விடலாம். ஒரு மணி நேரம் போதும், பள்ளி விடும் வேளை என்றால் ஒன்றரை. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து மைல் பாதையில் நான் 1943இல், ஜப்பானியர் காலத்தில், ஒரு காலை நேரத்தில் போன பயணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. இப்போது எண்பத்தாறு. தூரங்களை வரைபடத்தில் சரிபார்த்துவிட்டேன். மற்றவற்றைச் சரிபார்க்க ஆள் இல்லை, எனவே கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு முன் நான் சிறு விமானங்கள் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கழகத்தில் இளநிலை குமாஸ்தா. சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலக அறை. விமானங்கள் இரண்டும் பாயான் லெப்பாஸ் கொட்டகையில் நிற்கும். சீமையிலிருந்து கப்பல் தபாலில் கட்டாயத் திருத்த அறிவிப்புகள் வரும். உலகத்தில் எங்கோ ஒரு எஞ்சினில் குறை கண்டுபிடித்தால், அதே வகை எஞ்சின் வைத்திருக்கும் எல்லாருக்கும் எழுதுவார்கள். இன்ன பாகத்தை மாற்று, மாற்றும்வரை விமானம் தரையை விட்டு எழக்கூடாது என்று அதில் இருக்கும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற பேச்சே கிடையாது. அதைப் படித்து, எங்கள் எஞ்சின் எண்களோடு ஒப்பிட்டு, வேலை முடிந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு.

கடைசியாக வந்த அறிவிப்பு, புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வுகளைப் பற்றியது. பழைய வகை வால்வு சூட்டில் களைத்து, கழுத்தில் முறிந்துவிடுகிறதாம். முறிந்த துண்டு சிலிண்டருக்குள் சிக்கினால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிய வகை வால்வின் தண்டு நுனியில் மெல்லிய வளையம்போல ஒரு கோடு வெட்டியிருக்கும், அதுதான் அடையாளம். எங்கள் இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு நான்கு வால்வுகளும் மாற்றியாயிற்று. மற்றதற்கு வரவேண்டியவை வருவதற்குள் குண்டு விழத் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரர்கள் கிளம்பும்போது விமானங்கள் இரண்டும் கழற்றிய நிலையில் கிடந்ததால் விட்டுப்போனார்கள். காகிதங்களை எரித்துவிட்டார்கள்.

என் அக்காவின் கணவர், அத்தான், நல்ல மோட்டார் மெக்கானிக். கார், லாரி எல்லாம் பிரித்துப் பூட்டுவார். விமான எஞ்சினைத் தொட்டதில்லை. ஜப்பானியர் அவரைப் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு விமானங்களிலிருந்து பறக்கக்கூடிய ஒன்றை உண்டாக்கித் தரவேண்டும் என்று அங்கே இருந்த விமானி கட்டளை போட்டான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் சரி என்று சொல்பவன்தான் முதல் ஓட்டத்தில் முன் இருக்கையில் உட்காரவேண்டும். அத்தான் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வால்வு மாத்தின எஞ்சின் எதடா?" நான் எண்ணைச் சொன்னேன். சரியான எண்ணைத்தான் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

முதல் ஓட்டம் குறித்திருந்த அன்று விடிவதற்குள் அத்தான் போய்விட்டார். நான் மரவள்ளிக்கிழங்கும் கறுப்புக் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அவருடைய எண்ணெய்ச் சட்டையை ஊறவைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை நாள் மினக்கெட்டவர் தெரியுமே? நல்ல எஞ்சினிட மண்டையெல்லாம் மழையில கிடந்து அரிச்சு வெடிச்சுப் போச்சாம். மற்றதிட மண்டையைக் கழட்டிப் பூட்டினவராம். கையெல்லாம் புண்."

நான் கிழங்குத் தட்டை நகர்த்தி வைத்தேன். எஞ்சின் எண் குத்தியிருப்பது நடுப்பெட்டியில். வால்வுகள் இருப்பது சிலிண்டர் மண்டையில். மண்டையை மாற்றினால் எண் இங்கேயே நிற்கும், பழைய வால்வுகள் மண்டையோடு கூடவே வந்துவிடும். அத்தான் பழகிய கார்களில் வால்வு நடுப்பெட்டியோடே இருக்கும், அதனால் அவருக்கு அது உறைக்கவில்லை. அவர் அறிவிப்பைப் படித்தவரும் அல்லர். அவர் எண்ணைக் கேட்டார், நான் எண்ணைச் சொன்னேன்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். அப்போது கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரம், எங்கள் பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடும். ஓட்டம் பன்னிரண்டு மணிக்கு. நான் கிளம்பும்போது ஒன்பது.

ஜெலுத்தோங் சாலைவரை நடந்து, அங்கே கரிவாயுப் பேருந்து பிடித்தேன். பெட்ரோல் இல்லாத காலம், வண்டியின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். டிக்கெட், ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டில், முப்பது காசு. குளுகோர் மேட்டில் வண்டி மூச்சு முட்டி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம், ஏறவில்லை. கண்டக்டர் கரியைக் கிளறத் தொடங்கினார். அதற்குமேல் காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. நடந்தேன், பிறகு ஓடினேன். ஓடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. விமானத் திடலுக்கு மண்வேலைக்காக ஆட்களையும் கூடைகளையும் ஏற்றிப்போகும் லாரி. ஓட்டியவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வாயில் வெற்றிலை.

"எங்க தம்பி இப்படி ஓடுற?"

"விமானத் திடலுக்கு, அண்ணே."

"அங்க ஓடிப்போற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன் லா! எல்லாரும் அங்கேருந்து ஓடி வருவானுங்க. சரி, ஏறு."

காசு வாங்க மறுத்துவிட்டார். வழியெல்லாம் நான் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எஞ்சினில் குறை என்று ஓட்டத்தன்று போய்ச் சொன்னால், வேண்டுமென்றே கெடுத்தது யார் என்று முதலில் கேட்பார்கள். அத்தானைத்தான் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் அந்த இருக்கையில் உட்காருவார். வால்வு இன்றைக்கே முறியும் என்று நிச்சயமும் இல்லை. ஒருவேளை பத்து ஓட்டத்துக்கும் தாங்கலாம். நான் தேவையில்லாமல் போய் அவரைக் கொல்லப்போகிறேனோ என்றுகூட யோசித்தேன். குளுகோருக்கும் சுங்கை நீபோங்குக்கும் இடையே இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

சுங்கை நீபோங்கில் காவல் சாவடி. எல்லாரும் இறங்கி வணங்கவேண்டும்.

"இடுப்பு ஒடியிற மாதிரி குனி தம்பி," என்று லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நம்ம மாமியார் வீடுன்னு நெனச்சிக்க."

நான் குனிந்தது போதவில்லை. சிப்பாய் என்னை மட்டும் வெயிலில் நிறுத்திவைத்தான். லாரிக்காரர் போயிருக்கலாம். போகாமல், வண்டியின் மூடியைத் திறந்து எதையோ பழுது பார்ப்பதுபோல நின்றார். கூடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நிழல் காலடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சிப்பாய்க்கே அலுத்துப்போய்க் கையை அசைத்தான்.

திடலுக்குள் நுழையும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. விமானம் கொட்டகைக்கு வெளியே நின்றது, காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. முன் இருக்கையில் தோல் தொப்பியோடு அத்தான். பின் இருக்கையில் விமானி. இறக்கையின் பின்பக்கமாகச் சுற்றிப்போய் அவன் பார்வையில் படும்படி நின்று, இந்த முறை நெற்றி முழங்காலைத் தொடக் குனிந்தேன். நிமிரவே இல்லை. விமானி எஞ்சினை நிறுத்தினான்.

அத்தான்தான் முதலில் பேசினார். "நீ ஏனடா இஞ்ச வந்தனீ? அக்காவுக்கு ஏதும்…?"

"அக்காவுக்கு ஒண்டுமில்லை. அத்தான், மண்டை மாத்தினனீங்களாமே. பழைய வால்வு மண்டையோட வந்திட்டுது."

அவர் தோல் தொப்பியைக் கழற்றினார். புரிந்துவிட்டது. "எண் பெட்டியிலயெல்லோ குத்தியிருக்கு," என்றார், தனக்குத்தானே.

விமானிக்கு அரைகுறை மலாய் தெரியும். எனக்கும் பயத்தில் அரைகுறையாகத்தான் வந்தது. வால்வு பழையது, முறியும், அடியிலுள்ள மூடிகளைத் திறந்து பார்க்கவேண்டும் என்றேன். அறை விழுந்தது. மூடியைத் திறந்தால் எண்ணெய் கொட்டும், எண்ணெய்க்கு நீ பதில் சொல்வாயா என்று கேட்டான். அந்த எஞ்சின் தலைகீழாகத் தொங்கும் வகை, மண்டைகள் கீழே இருக்கும், மூடிகளுக்குள் எண்ணெய் நிற்கும். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தட்டில் பிடித்து வடிகட்டித் திரும்ப ஊற்றலாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது முறை சொல்லவேண்டியிருந்தது.

மூடிகளைக் கழற்றினார்கள். அத்தான் துணியால் தண்டு நுனிகளைத் துடைத்தார். நான்கில் ஒன்றிலும் வளையக் கோடு இல்லை. கொட்டகை மூலையில் எறிந்திருந்த வெடித்த மண்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றில் நான்கிலும் இருந்தது. விமானி குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் அந்தக் கோட்டை மெதுவாக வருடிப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்: "தெரிந்தவன் ஏன் முன்பே சொல்லவில்லை?"

எண்ணைப் பற்றியும் மண்டையைப் பற்றியும் தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். அவன் குச்சியை வாங்கி, படத்தில் பெட்டியையும் மண்டையையும் தொட்டுப் பார்த்தான். அடிப்பானா, ஆளைக் கூப்பிடுவானா என்று தெரியவில்லை. பிறகு ஓட்டம் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்களை வீட்டுக்கு விடவில்லை. வெடித்த மண்டைகளிலிருந்து புதிய வகை வால்வுகளை எடுத்து, நல்ல மண்டைகளில் இடைவெளியில்லாமல் பதியும்படி அரைத்துப் பொருத்தினார் அத்தான். நான் தட்டைப் பிடித்தேன், துணி கொடுத்தேன், ஒவ்வொரு தண்டு நுனியையும் பார்த்தேன், பார்த்ததையே மறுபடி பார்த்தேன்.

"அதுக்கு நாணமாக் கிடக்கப் போகுதடா, சும்மா உத்துப் பாக்காதை," என்றார் அத்தான். அவரால் அப்போதும் பகிடி விட முடிந்தது.

மறுநாள் விமானி வந்து, அத்தானைப் பார்த்து, நல்லதா என்று கேட்டான். நல்லது என்றார். பிறகு என்னைப் பார்த்து அதையே கேட்டான். நானும் நல்லது என்றேன். அவன் என் சட்டையைப் பிடித்து முன் இருக்கையைக் காட்டினான்.

அத்தான் குறுக்கே வந்தார். வேலை செய்தவன் நான், நானே உட்காருகிறேன் என்றார்.

"நேற்றும் நீ நல்லது என்றாய்," என்றான் விமானி.

நான் அத்தானின் தோல் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன்.

பயணக் கட்டுரை என்றால் மேலிருந்து பார்த்ததை விவரித்து எழுதவேண்டும். என்னால் முடிந்ததை எழுதுகிறேன். தீவின் தெற்குக் கரை, வயல், மீன்பிடிப் படகுகள், பிறகு தீவுக்கும் அக்கரைக்கும் இடையிலுள்ள கடல் முழுவதும் ஈயத் தகடுபோலக் கிடந்தது. அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கத்து வயல்வெளி பச்சையாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். சுங்கை நீபோங் சாவடி தீப்பெட்டி அளவு. இதையெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் என் கால்களுக்கு முன்னால் இருந்த அந்த நான்கு தண்டுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் குறைந்து, காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. முறிந்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். எங்கள் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். விமானி இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

சக்கரம் தரையைத் தொட்டது.  அத்தான் ஏறி என் இருக்கை வாரை அவிழ்த்துவிட்டார்.

"சத்தம் எப்பிடி இருந்தது? ஒரே சீராய் இருந்ததோ?"

"தெரியாது அத்தான். நான் கத்திக்கொண்டிருந்தனான்."

அவர் சிரிக்கத் தொடங்கி, நடுவில் சிரிப்பு உடைந்து, இறக்கையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். விமானி எங்களைக் கடந்து கொட்டகைக்குப் போனான். அன்று மாலை இருவரும் வீட்டுக்கு நடந்தே போனோம். அக்கா வாசலில் நின்றாள்.  "சந்தையில என்ன வாங்கினனீ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இப்போது அந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கடலோர விரைவுச்சாலையை விட்டு, ஜெலுத்தோங், குளுகோர் வழியாகவே போங்கள். மெதுவாக இருந்தாலும் ஊரைப் பார்க்கலாம். குளுகோர் மேட்டில் மிதிவண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளுவதில் அவமானம் ஒன்றுமில்லை. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பதினோரு மணிக்குமேல் நிழல் கிடையாது. விமான நிலையத்தில் சாப்பாட்டு விலை அதிகம், வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எஞ்சின் சோதனைக்காக உங்கள் விமானம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், முகப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் சத்தம் போடாதீர்கள். யாரோ ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன் அவருக்கும் வாய் உலர்ந்திருக்கும். பேசாமல் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.