வெளிச்சம் பார்க்காத சுருள்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சுருட்டைதான். அக்காவின் தலையில் சீப்பை வைத்தால் அது தானாகவே கீழே இறங்கிவிடும். இவள் தலையில் வைத்த சீப்பு வைத்த இடத்திலேயே நிற்கும். "ஒரு வயித்துல பொறந்தவங்கதானே, உனக்கு மட்டும் ஏண்டி இப்படி?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஒழுங்காக வாராததால்தான் சுருள்கிறது என்பது அம்மாவின் தீர்ப்பு. சுருட்டையும் அதை நம்பினாள். வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஒரு சூட்டுக் கருவி வாங்கி, காலையில் இழுத்து இழுத்து நேராக்கினாள். கழுத்தில் வியர்த்ததும் முடி பழையபடி மேலே ஏறிக்கொண்டது.

அவள் வேலை செய்தது முடி நடும் மருத்துவமனையில். வழுக்கை விழுந்தவரின் பின்னந்தலையிலிருந்து டாக்டரம்மா ஒரு மெல்லிய தோல் துண்டை எடுத்துத் தருவார். அதை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குளிர்ந்த உப்புநீரில் போட வேண்டும். வேர் அறுந்தால் அந்த முடி போன மாதிரிதான்.

ஒருநாள் நீச்சல் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் வந்து குப்புறப் படுத்தார். முன்னந்தலை பளபளவென்றிருந்தது, பின்னால் மிளகு மிளகாகச் சுருள். அப்படிப்பட்ட தலை அதுவரை அவள் கைக்கு வந்ததில்லை. டாக்டரம்மா எடுத்துத் தந்த துண்டை லென்சுக்கு அடியில் வைத்து, முடி போன திசையிலேயே கத்தியை இறக்கினாள். வேர் அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், ரெண்டு போச்சு. வேர் முடிக்கு நேரா இல்ல."

"இருக்காது. மேல தெரியற திசைய நம்பாதீங்க. உள்ள வேர் எப்படி வளையுதோ, கத்தியும் அப்படியே போகணும்," என்றார் தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா.

சுருட்டை லென்சைத் திருப்பி மறுபடி பார்த்தாள். மஞ்சள் கொழுப்புக்குள்ளே மயிர்க்கால்கள் வரிசையாக, சின்னச் சின்ன அரிவாள்களைப் போல ஒரே பக்கம் வளைந்து கிடந்தன. அங்கே வியர்வை கிடையாது, காற்று கிடையாது, சீப்பும் கிடையாது. வெளிச்சத்தையே பார்க்காத முடி அப்போதே வளைந்திருந்தது.

"உள்ளயே இப்படியா, மேடம்?" என்றாள்.

"உள்ளயேதான். அடியில ஒரு பக்கம் செல்லு வேகமா பெருகும், இன்னொரு பக்கம் மெதுவா. அப்புறம் எப்படி நேரா வரும்? குறுக்க வெட்டிப் பார்த்தா நேர் முடி பெரும்பாலும் வட்டமா இருக்கும், இது கொஞ்சம் தட்டை. எல்லாம் பரம்பரை. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் கலந்து வரும். அதுல பிள்ளைக்குப் பிள்ளை மாறும்."

குப்புறக் கிடந்த மாஸ்டர், "அப்ப நான் தண்ணியிலயே கெடக்கறதால சுருளலையா? எங்க வீட்டுக்காரி இத்தனை வருஷமா குளத்தைத் திட்டிட்டிருக்கா," என்றார்.

சுருட்டைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. வளைவோடு வளைவாகக் கத்தியை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே திரும்பப் பழகிவிட்டது. ஒரு தலைக்கு லட்சம் முடி இருக்கும் என்பார்கள். அந்த லட்சமும் இருட்டில் யார் சொல்லியும் கேட்காமல் வளைகின்றன என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். "நான் வாராததால இல்லம்மா. உள்ளயே வளைஞ்சுதான் இருக்கு."

அம்மா அவள் தலையை ஒருமுறை பார்த்தாள். "அப்ப உங்கப்பா பக்கம்தான்," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

சூட்டுக் கருவியைச் சுருட்டை தூக்கி எறிந்துவிடவில்லை. தோன்றினால் நேராக்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று முடியைத் திட்டுவது மட்டும் நின்றுபோனது.

பல மாதம் கழித்து மாஸ்டர் தலையைக் காட்ட வந்தார். நட்ட முடியெல்லாம் எதிர்பார்த்தபடியே முதலில் உதிர்ந்து, வேர் மட்டும் உள்ளே தங்கி, புதிதாக முளைத்திருந்தது. நெற்றிக்கு மேலே மிளகு மிளகாகச் சுருள்.

"இடம் மாறினது அதுக்குத் தெரியல போல," என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் குனிங்க, மாஸ்டர்."

லென்சை வைத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் இடுக்கியில் பிடித்துப் பிரித்தெடுத்த வேர்களிலிருந்து முளைத்தவைதான், ஒவ்வொரு வேரும் ஓர் அரிசி அளவுகூட இருக்காது. அடுத்தவர் வெளியே காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். "ஒரு நிமிஷம்," என்றாள் சுருட்டை. தலையை நிமிர்த்தவில்லை.