காப்புக் கட்டிய கையோடு, ராமுத்தாய் மதினிக்கு

ராமுத்தாய் மதினி இன்று காலையில் இறந்துவிட்டார். நெஞ்சு வலி... கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

பக்கத்துத் தெருதான். ஆனால் நான் போக முடியாது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன். இந்த மஞ்சள் கயிறு கையில் இருக்கிறவரை சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அம்மா வெளிக்கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஃபேஸ்புக்கில் எதுவும் எழுதியதில்லை. அடுத்தவர்கள் போட்டோவுக்கு லைக் போடுவதோடு சரி. இன்றைக்கு வேறு எங்கே சொல்வது என்று தெரியவில்லை.

மதினியைத் தெரியாதவர்களுக்கு... அவர் எங்கள் ஊர்ச் சாமியாடி. திருவிழாவில் ராக்காயி அம்மன் அவர் மேல்தான் இறங்கும். மற்ற நாளில் என்னோடு ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வருவார். ஒன்பதாவதோடு ஸ்கூலை விட்ட பிறகு எனக்கு இருந்த ஒரே ஃபிரண்ட்.

போன திருவிழாவில் கொட்டுச் சத்தத்தில் எனக்கும் உடம்பு ஆடியது. நடிக்கவில்லை. ஏதோ வந்தது.

எங்கள் ஊரில் புதிதாக யார் மேல் சாமி வந்தாலும் கொட்டடிப்பதை நிறுத்திவிட்டு, "வந்திருக்கது ஆரு? பேரச் சொல்லு" என்று கேட்பார்கள். பேர் சொன்னால்தான் சாமி. நான் வாயே திறக்கவில்லை. கோவில் பெரியவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ராக்காயியா? பேச்சியா? சொல்லு தாயி..."

மதினிதான் நடுவில் வந்து நின்றார். "வாய் தெறக்கும்போது தெறக்கும். பிள்ளைய விடுங்க." சாமியாடியே சொன்னதால் விட்டார்கள். அடுத்த திருவிழாவில் கேட்டுக்கொள்ளலாம் என்று.

அதற்குப் பிறகு ஜீப்பில் யாரும் என் மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பேசவும் இல்லை. சாமிப் பிள்ளையாம்.

மதினி ஏறியதும் இடுப்பால் ஒரு இடி இடித்தார். "தள்ளி உக்காருடி. சாமிக்கு ஒரு சீட்டு, ஒனக்கு ஒரு சீட்டா? டிரைவரண்ணே, இவகிட்ட ரெண்டு ஆள் வாடகை வாங்குங்க."

"சாமிகிட்ட வாடகை கேட்டா வண்டி ஏத்தம் ஏறாது தாயி" என்றார் டிரைவர். அன்றைக்குத்தான் ஜீப்பில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

தோட்டத்தில் சோற்று நேரத்தில் மதினி மட்டும் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் உட்காருவார். அங்கே ஒரு கல். மஞ்சளும் கிடையாது, பொட்டும் கிடையாது. முதல் வாய்ச் சோற்றை அதன் முன்னால் வைப்பார். அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருப்பார்.

"இது என்ன சாமி மதினி?"

"ஆருக்குத் தெரியும். நானும் கேக்கல, அதுவும் சொல்லல."

"பெறகு எதுக்கு இங்கன உக்காருறீக?"

"ஊருல உக்காந்தா ஆராச்சும் குறி கேக்க வந்துருவாக. மக கல்யாணம் எப்ப, மாடு எங்கன போச்சுன்னு. இங்கன வந்தாத்தான் என்னய நானே ஏதாச்சும் கேக்க முடியுது."

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். உங்கள் மேல் வருவது நிஜமாகவே சாமிதானா என்று.

கோபப்படவில்லை. "கொட்டு அடிக்கயில ஏதோ வருது. அதுல எனக்குச் சந்தேகமில்ல. வீட்டுக்கு வந்து படுக்கயில ஒரு அழுக வரும் பாரு... அது ஆரோடதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் என்னுடையதை அவரிடம் சொன்னேன். பெரியவர்கள் கேட்டபோது ஒரு பேர் என் வாய் வரைக்கும் வந்தது. அது என் பேர். பயத்தில் முழுங்கிவிட்டேன்.

மதினி என்னையே பார்த்தார். "அதச் சொல்லியிருந்தா அங்கனயே வெளக்கமாறு பறந்திருக்கும்டி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒனக்கு வந்தது அதுதான்னா வேற பேரு வைக்காத. ஒன் வயசுல அவுக எடுத்துக் குடுத்த பேர நான் சொல்லிட்டேன். இம்புட்டு வருசமா அந்தப் பேருக்குத்தான் ஆடுறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் திரும்பும்போது எனக்கு மனசு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. கொட்டுச் சத்தத்தில்கூட அப்படி வந்ததில்லை.

இதை மதினியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன். ஊர்க்காரர்கள் யாராவது படிப்பார்கள்... படிக்கட்டும்.

இந்த வருசம் உடம்புக்கு முடியாமல் மதினி காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. அப்போதிருந்தே எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை திருவிழாவில் மறுபடி கேட்பார்கள். நடுவில் வந்து நிற்க இனி ஆள் இல்லை.

மதினி கூட வருவதால்தான் அம்மா என்னை மலைக்கு விட்டார். அதுவும் இனி இல்லை.

முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"காப்பு கட்டுன கை ஆத்தா, குத்தமாயிரும். அவ மேல இருந்த சாமி இனி ஒன்னயத்தான் தேடி வரும். பேசாம உக்காரு." அம்மாவும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

ஊருக்குக் காப்புக் கட்டியிருப்பதால் சாவுக்குக் கொட்டு கிடையாது. பொழுது சாயும்வரை கூட உடலை வைத்திருக்க விடவில்லை. மத்தியானமே வேனில் வருசநாட்டுக்கு, அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் தெரு வழியாக வராது. வாய்க்கால் பக்கமாகச் சுற்றிப் போகும்.

சற்று முன்னால் கோவில் பெரியவர்கள் வந்தார்கள். மதினி சாமியாடும்போது கையில் பிடிக்கிற பிரம்பை, காப்புக் கட்டாத ஆளை விட்டு அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். உடலை எடுக்கக்கூட இல்லை அதற்குள். என் முன்னால் வைத்து, "தொட்டுக் கும்புட்டுக்க தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கைபிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கிறது.

வேன் கிளம்புகிற சத்தம் கேட்கிறது...

நான் அதைத் தொடவில்லை மதினி.

போயிட்டு வாங்க.