மழைக்காலத்து வால்ட்ஸ்

புஷ்பவள்ளி கடிகாரம் பார்த்துக் கேக் சுட்டதில்லை. ஆர்கைல் ரோட்டு வீட்டில் தகர அடுப்புக்கு மேலும் கீழும் கரி நெருப்பைப் பரப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்து, பியானோவில் வால்ட்ஸ் என்னும் நடன இசை ஒன்றை வாசிப்பாள். அது முடியும்போது கேக் வெந்திருக்கும். மழை மாதங்களில் கரி ஈரம் பட்டுச் சோம்பும். அவள் விரல்களும் கூடவே சோம்பும். கேட்பதும் முகர்வதும் வெவ்வேறு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

1934 ஐப்பசியில், ஒரு பெண்கள் பள்ளி அவளை வாசித்துக் காட்ட அழைத்தது. இசை ஆசிரியை வேலை. கிடைத்தால், பாடம் சொல்ல வீடு வீடாக மழையில் நடக்க வேண்டாம்.

வால்ட்ஸின் பாதியிலேயே தலைமையாசிரியை கையைத் தூக்கி, ஆங்கிலத்தில் சொன்னார்.

"இதற்கு ஆட வந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். திங்கட்கிழமை வேகமாக வாசித்துக் காட்டுங்கள்."

அவள் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு ஹபீபா பீவி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னா டீச்சரம்மா, மொகம் வாடிக் கெடக்கு?"

"நான் மெதுவா வாசிக்கிறேனாம் பீவி."

"இப்பத்தான் தெரியுதா? மழை வந்தா ஒன் பாட்டு எருமை மாதிரில்ல நடக்கும்! வெரசாப் போனா கரி காஞ்சிருக்குன்னு நானும் கருவாட்ட வெயில்ல போட்டுருவேன்லா."

புஷ்பவள்ளி திகைத்துப்போனாள். ஒரே மாதிரி வாசிப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

ஞாயிறு முழுக்க அடுப்பை மூட்டாமல் பழகினாள். வேகம் வந்தது, பிழையும் இல்லை. ஆளில்லாத வீட்டில் பேசுவது போலிருந்தது.

திங்கட்கிழமை மண்டபத்து ஓடுகளில் மழை பிடித்துக்கொண்டது. வேகமாகத்தான் தொடங்கினாள். நடுப்பகுதிக்கு வந்தபோது அவளுக்குள் எங்கோ கரி மங்கியது. மாவு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கை தளர்வது அவளுக்குத் தெரிந்தது. தளர்ந்தால் வேலை போய்விடும் என்பதும் தெரிந்தது. இழுத்துப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மாவு மெல்ல எழும்பி, விளிம்பு சிவந்து, வெண்ணெயும் ஏலமும் மணக்கும்வரை வாசித்தாள்.

இம்முறை தலைமையாசிரியை கையைத் தூக்கவில்லை.

"வேகமாக வாசிக்கத் தெரிகிறதே உங்களுக்கு. நடுவில் எதற்காகக் காத்திருந்தீர்கள்?"

"நடுப்பாகம் வேகவில்லை, மேடம்."

அவளுடைய ஆங்கிலம் தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் இரக்கத்தோடு புன்னகைத்தார். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அது பெரிய வாசிப்பு ஒன்றும் அல்ல; ஆனால் எதற்காக மெதுவாகப் போகிறோம் என்று அன்றுதான் முதன்முறையாகத் தெரிந்தே வாசித்தாள்.