பனியன் துணி யானை

வேல்விழி முதன்முதலில் யானையை நடக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில். வேலை செய்யும் கம்பெனியின் கட்டிங் டேபிளில் மிஞ்சிய சாம்பல் நிற பனியன் துணியில் அவளே தைத்த யானை அது. உள்ளே கம்பியும் பஞ்சும். யானையின் காலைத் துளி நகர்த்துவாள், செல்போனில் ஒரு படம் எடுப்பாள். மறுபடி துளி, மறுபடி படம். வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்த அத்தனை படங்களையும் சேர்த்து ஓடவிட்டபோது யானை நாலு எட்டு வைத்தது. அதற்குள் அதன் நிழல் பைத்தியம் பிடித்ததுபோல மாடியைச் சுற்றி வந்துவிட்டது.

"ஏட்டி, இதுக்கா காலையில இருந்து சோறு தண்ணி இல்லாம கெடந்த?" என்றான் கணவன் முனீஸ்.

"நடந்துச்சுல்லா?" என்றாள் அவள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள் இருவரும். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு ஓவர்லாக் தையல் மெஷின், அவனுக்கு அயர்னிங் டேபிள். வெளிநாட்டில் யாரோ களிமண் பொம்மைகளை இப்படி நடக்க வைத்ததைப் போனில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. கதையும் தயாராக இருந்தது. கடலையே பார்த்திராத ஒரு யானை, பல்லடத்தில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறது. அரை நிமிட வேடிக்கை வீடியோ இல்லை. தியேட்டரில் ஓடுகிற முழுப்படம். துணிப் பொம்மைகளை வைத்து முழுப்படம் எடுத்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. சந்தேகம் கேட்கக்கூட ஆள் கிடையாது.

வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும் என்று புரிந்ததும் வீட்டுக்குள் இடம் மாற்றினாள். அங்கே ஃபேன் காற்றில் துணி மரங்கள் ஆடின. ஃபேனை நிறுத்தினாள். மொட்டை மாடியிலேயே போட்ட தகரக் கூரை வீடு, சித்திரை மாதம். முனீஸ் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கம்பெனியில் அவளுக்கு 'யானைக்காரி' என்று பேர் விழுந்தது. வேலை முடிந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளை ஒருநாள் முதலாளி ஈஸ்வரமூர்த்தி பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மணி, இத்தனை வேஸ்ட் எதுக்குங்க?"

அவள் போனைக் காட்டி, யானை பஸ் ஏறும் கதையையும் சொன்னாள். அவர் ஒருமுறை பார்த்தார், மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"இது பஸ்ஸுல ஏறுமுங்களா?"

"ஏறும் சார். கண்டக்டர்தான் ஏத்த மாட்டேங்காரு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய குடோனின் சாவி மறுநாளே அவள் கைக்கு வந்தது.

அட்டைப்பெட்டிகளால் அங்கே ஒரு பஸ் ஸ்டாண்டே எழுந்தது. நீலத் துணி ரோல்கள் கடலாயின. லீவு நாளெல்லாம் குடோனில்தான். படம் பாதியைத் தாண்டியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை கதவைத் திறந்தால் உள்ளே முழங்கால் தண்ணீர். சிவப்புத் துணியில் செய்த பஸ்ஸின் சாயம் இறங்கி யானை முழுக்கத் திட்டுத் திட்டாய் ஊறியிருந்தது.

வேறு யானை தைக்கலாம். ஆனால் அந்தச் சாம்பல் நிறத் துணி, ஒரே தடவையில் சாயம் போட்ட அந்த லாட், முடிந்துபோயிருந்தது. அடுத்த லாட்டில் அதே ஷேடு வராது. பாதிப் படத்தில் யானை நிறம் மாற முடியுமா? அப்படியானால் முதல் காட்சியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். வேல்விழி நனைந்த யானையை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

முனீஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யானையை வாங்கித் தும்பிக்கையைத் தடவிப் பார்த்தான்.

"பழசுக்குத் தும்பிக்கையில சுருக்கமே இல்ல பாத்தியா? நீ தை. நான் ஸ்டீம் அயர்ன் வச்சு மடிச்சுத் தாரேன். அசல் யானை கணக்கா இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காது மடிப்பும் வேணும்," என்றாள்.

இரண்டாவது யானை நிஜமாகவே அழகாக இருந்தது. அதை வைத்து எடுத்த சின்னத் துண்டைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி கூப்பிட்டது. கதையைக் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரிலேயே சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார்கள். "தையல் கண்ணுக்குத் தெரியணும் சார், அதுதான் என் யானை," என்று சொல்லி மறுத்துவிட்டாள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து முடிக்க அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஓடியது.

படம் திருப்பூரில் ஒரு தியேட்டரில், ஞாயிறு காலைக் காட்சியாக வெளியானது. கம்பெனியின் தையல் லைனில் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கண்டக்டருக்குக் குரல் கொடுத்தவள் செக்கிங் செக்‌ஷன் சாமியாத்தாள். "ஏனுங்க யானை, டிக்கெட் ஒண்ணுங்களா, காலுக்கு ஒண்ணுங்களா?" என்று திரையில் அவள் குரல் கேட்டதும் அரங்கம் வெடித்துச் சிரித்தது. சாமியாத்தாள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் யானை கடற்கரையில் நின்றது. நீலத் துணி அலை அலையாகப் புரண்டு வந்து அதன் காலைத் தொட்டது. பிறகு எழுந்த கைத்தட்டல், 'இயக்கம்: வேல்விழி' என்ற எழுத்து வந்துபோன பிறகும் ஓயவில்லை. முனீஸ் எழுந்து நின்று, பின் சீட்டுக்காரரிடம், "எம் பொண்டாட்டிங்க," என்றான்.

ஒரு காட்சி என்று தொடங்கியது கோவை, மதுரை என்று போனது. இன்று அனுப்பர்பாளையத்தில், முன்பு பாத்திரப் பட்டறையாக இருந்த கட்டடத்தில் வேல்விழியின் ஸ்டுடியோ இருக்கிறது. லைனிலிருந்து வந்த பெண்கள் பொம்மை தைக்கிறார்கள். புதுப் படத்தில் ஒரு தேர்த் திருவிழா வருகிறது. வடம் பிடிக்க ஓர் ஊர் ஜனமே வேண்டும் என்கிறாள் வேல்விழி. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனி முகம் வேண்டுமாம்.