இருபது நிமிடத்தில் ஓர் அறை

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தைச் சீசன் என்றுதான் சொல்வோம். எந்தச் சீசன் என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பு வெயில் தாங்காதவர்கள் எல்லாம் மலையேறி வந்துவிடுவார்கள். வாவியைச் சுற்றிக் கால் வைக்க இடமிருக்காது. நான் வேலை செய்யும் விடுதி ஊரைத் தாண்டிய ஒரு மேட்டில் இருக்கிறது. பதினாறு அறைகள். வருடத்தின் பெரும்பகுதி பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். ஏப்ரலில் மட்டும் ஒருவர் எழுந்துபோன கட்டிலின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் பெட்டியோடு வாசலில் நிற்பார்.

அந்த அறைகளுக்கு நான் பொறுப்பு. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருடம் கொழுந்து பறித்திருக்கிறேன்.

நான் சொல்லும் சீசனில் ஆளே கிடைக்கவில்லை. வழக்கமாக அறை வேலைக்கு ஆறு பேர் வருவார்கள். இரண்டு பேர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். மற்றவர்களை வாவிக்கரையில் புதிதாகத் திறந்த விடுதிகள் இழுத்துக்கொண்டன. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இளசுங்கள நம்பவே ஏலாது" என்றார். "ரெண்டு நாள் வரும். மூணாவது நாள் போன ஓஃப் பண்ணிப்போடும். ஒங்க தோட்டத்துல ரிட்டயர் ஆன பொம்பளைங்க இருப்பாங்கதானே? அவங்களக் கூட்டிட்டு வாங்க. அந்தக் காலத்து ஆளுங்கன்னா உழைப்பாங்க."

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்தே ஐம்பத்தைந்தைக் கடந்த இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்களில் உயரமானவரை நான் பெரியக்கா என்பேன். முப்பத்தாறு வருடம் மலையில் நின்ற உடம்பு. மற்றவர் அதிகம் பேசமாட்டார். மூன்றாவதாக, நாங்கள் தேடாமலே ஒரு பெண் வந்து நின்றாள். பூண்டுலோயாப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. இருபத்தொரு வயது. கொழும்பில் கடலோரம் ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு மாதம் அறை வேலை செய்ததாகச் சொன்னாள்.

அங்கேயே சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வரவேண்டும்? கேட்டேன்.

"அங்க வெக்கையில தூக்கம் வரலக்கா" என்று சிரித்தாள்.

நான் நம்பவில்லை. எதையோ செய்து விரட்டப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் இல்லாத நேரம் என்பதால் சேர்த்துக்கொண்டோம். அவள் ஏன் வந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று பேருக்கும் அறைகளைப் பிரித்துக் கொடுத்தேன். அவளுக்கு ஆறு, மூத்தவர்கள் இருவருக்கும் ஐந்து ஐந்து. காலை பத்து மணிக்கு விருந்தினர்கள் வெளியேறத் தொடங்குவார்கள். இரண்டு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். முதல் நாள் பன்னிரண்டு மணி தாண்டியதும் பின்பக்கம் போனேன். அந்தப் பெண் குசினிப் படியில் உட்கார்ந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடித்து முடித்த பிளேன்டீ கோப்பை.

"என்ன புள்ள, உக்காந்திருக்க?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"எது?"

"ஆறு ரூமும்."

பெரியக்கா அப்போது மூன்றாவது அறையில்தான் இருந்தார். அவருக்கு ஓர் அறைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இவளுக்கு இருபது நிமிடம். போய்ப் பார்த்தேன். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. கண்ணாடியில் ஒரு கறையில்லை. குளியலறைக் குழாய்கள் மின்னின. குறை கண்டுபிடிக்க முடியாததுதான் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மேலுக்கு நன்றாகக் காட்டிவிட்டு, கண் படாத இடத்தில் ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

பெரியக்காவிடம் சொன்னேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒடம்பு வளையாது தங்கச்சி" என்றார். "நாங்கெல்லாம் மழையில நின்னு பேர் வாங்குனவங்க. இதுங்க வந்து தலையக் காட்டிட்டுப் போயிரும்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, மாலை வரை மலையில் நின்றால்தான் முழுப் பேர். எவ்வளவு வேகமாகப் பறித்தாலும் பாதியில் இறங்கினால் அரைப் பேர்தான். நிற்பதுதான் வேலை என்று அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள் நாங்கள். படியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்தால் எங்கள் கைகால் தானாகப் பதறும்.

மறுநாள் அவள் அறை ஒன்றுக்குள் இருக்கும்போது, வெளியே பால்கனிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் நின்று கவனித்தேன். நுழைந்ததும் குளியலறைக்குள் போய்க் கழுவும் மருந்தை அடித்து ஊறவிட்டாள். பிறகு கட்டிலுக்கு வந்தாள். நாங்கள் விரிப்பைப் போட்டு இந்தப் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் ஓடி, மறுபடி இந்தப் பக்கம் வருவோம். அவள் ஒரு மூலையில் விரிப்பு, கம்பளி, தலையணை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த மூலைக்கு நகர்ந்தாள். கட்டிலை ஒரே ஒரு சுற்று. அதற்குள் குளியலறை ஊறியிருந்தது. மூச்சு வாங்கவில்லை, முனகவில்லை, இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை. கண்ணால் பார்த்தும் மனம் ஒப்பவில்லை. நான் எங்காவது நின்று பார்க்கிறேன் என்று தெரிந்தே இப்படிச் செய்கிறாள் என்று தோன்றியது.

அதனால் அவளுக்கு இரண்டு அறைகளைக் கூட்டிக் கொடுக்கப் பார்த்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றாள். "வெரசா முடிச்சா வேலை கூடுது. மெதுவாச் செஞ்சா கொறையுது. அப்புறம் நான் எதுக்கு வெரசாச் செய்யணும்?"

"வாய் பேசாத. வேலைக்குத்தான வந்த?"

"வேலைக்குத்தான் வந்தேன். நிக்கிறதுக்கு வரலயே."

கூட்டிக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல் எரிச்சலாக உள்ளே தங்கிவிட்டது.

பத்தொன்பது வயதில் நான் மலைக்குப் போன புதிதில், கங்காணி என் கூடையை மட்டும் சாக்கில் கொட்டிக் கிளறுவார். முற்றிய இலையைக் கலந்திருப்பேன் என்று அவருக்கு நம்பிக்கை. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள், "இதுங்க கொழுந்து எடுக்குதா, பொழுது போக்குதா" என்று சிரிப்பார்கள். கிளறிய கொழுந்தைத் திரும்பக் கூடையில் அள்ளும்போது எனக்குக் கண் எரியும். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்த நான்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

நெருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, காலையில் விருந்தினர்கள் கிளம்பியதும் அவளுக்கு முன்னால் அவளுடைய ஆறு அறைகளுக்கும் போனேன். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும், சுவரோரமாக, ஒரு நெருப்புக்குச்சி வைத்தேன். அவள் முடித்த பிறகு போய்க் குனிந்து பார்த்தேன். ஆறும் இல்லை. அவள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் ஆறு வைத்தேன். அன்று அழுக்குத் துணி எடுக்கும் லாண்டரி வான் நேரம் தப்பி வந்ததால் ஐந்து அறைகளைத்தான் பார்க்க முடிந்தது. ஐந்திலும் இல்லை. ஆறாவது அறைக்கு நான் போவதற்குள் புது ஆட்கள் வந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்று மாலை நான் துணி அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஒரு சாசரை மேசைமேல் வைத்தாள். அதில் நெருப்புக்குச்சிகள்.

"அக்கா, இதப் பாருங்க. ரெண்டு நாளா என் ரூமுங்கள்ல மட்டும் கெடக்குது. எல்லாம் குச்சியோட மருந்துத் தல செவுத்தப் பாத்து. கெஸ்ட் போட்டா இப்பிடியா கெடக்கும்? யாரோ எனக்குச் சூனியம் வைக்கிறாங்கன்னு பயமா இருக்குக்கா. நேத்து ராவெல்லாம் தூங்கல. பதினொண்ணு இருக்கு."

என் வாய் என்னை முந்திக்கொண்டது.

"பதினொண்ணா? பன்னெண்டுல்ல இருக்கணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் முகத்தில் பயம் போய்விட்டது. வேறொன்று வந்தது.

"அப்ப நீங்கதானா."

அப்போதாவது நான் தலையைக் குனிந்திருக்கலாம். இல்லை. பிடிபட்ட வெட்கத்தை மறைக்கக் குரலை உயர்த்தினேன். "அத விடு. பன்னெண்டாவது எங்க? ஒரு ரூமு கூட்டல, அதான?"

"தெரியலக்கா" என்றாள். "நீங்களே தேடிப் பாத்துக்கங்க."

சத்தம் போடவில்லை. அழவில்லை. மறுநாள் காலையில் துணி அறையைத் திறந்தபோது, அவளுடைய ஏப்ரன் நான்காக மடித்து மேசைமேல் இருந்தது. அதன்மேல் சாவிக்கொத்து. அவளைக் காணவில்லை. சீசனின் உச்ச நாள் அது.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மேனேஜர். "இந்தத் தலைமொறையே இப்பிடித்தான். சொல்லாமக் கொள்ளாம ஓடிரும்."

குச்சி வைத்த கதையை நான் சொல்லவில்லை. "ஆமா சேர்" என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

அவளுடைய ஆறு அறைகளும் என் தலையில் விழுந்தன. முதல் நான்கை ஓடி ஓடி முடித்தேன். ஐந்தாவதாகப் போனது, நேற்று நான் பார்க்கத் தவறிய அந்த அறை. விருந்தினர்கள் காலி செய்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். பன்னிரண்டாவது குச்சி வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் தலைமுடியும் பிஸ்கட் தூளும்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பார்த்தாயா, நான் நினைத்தது சரிதானே என்று ஒரு சந்தோஷம். குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் பெரியக்கா நின்றிருந்தார்.

"நேத்து இந்த ரூமக் கூட்டவே இல்லக்கா அந்தப் புள்ள. பாருங்க."

பெரியக்கா என் கையைப் பார்த்தார். பிறகு கதவிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"இத நேத்து நான்தான் செஞ்சேன் தங்கச்சி. அந்தப் புள்ளய மேல் கட்டடத்துக்குக் கம்பளி கொண்டுபோகச் சொல்லிட்டு, சேர் என்னைய அனுப்புனாரு. நீங்க வான்கிட்ட நின்னீங்க."

அது தான் செய்யாத அறை என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. பெரியக்கா தொடர்ந்தார்.

"எனக்குக் குனிய ஏலாது. முட்டி மடங்க மாட்டேங்குது. சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொல்லல. ஆனா காலையில வந்தா சாயந்திரம் வரைக்கும் ஒரு நிமிசம் உக்காந்திருக்கேனா, நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்ததே இல்லை. அது சத்தியமான வார்த்தை. அவருடைய மற்ற அறைகளின் கட்டில்களுக்கு அடியிலும் போய்ப் பார்த்தேன். இத்தனை நாளும் அந்தப் பக்கம் நான் குனிந்ததே இல்லை. அங்கே கிடந்ததை அள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவரை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் நான் கூட்டுவது, கண்ணாடியையும் மேசைகளையும் அவர் துடைப்பது என்று அன்றிலிருந்து மாற்றிக்கொண்டோம்.

மத்தியானம் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளுடைய போன் ஓஃப் ஆகவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"எங்க புள்ள இருக்க?"

"வாவிக்கரையில ஒரு எடத்துலக்கா. இங்க எட்டு ரூமு. முடிச்சா போகலாம்."

ஒரே நாளில் வேறு வேலை. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தச் சொல் வரவில்லை. "பன்னெண்டாவது கெடைச்சிருச்சு" என்றேன். எந்த அறை என்றும், அதை யார் செய்தார்கள் என்றும் சொன்னேன்.

அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"அவங்க ரூமுங்கள்லயும் குச்சி வச்சீங்களாக்கா?"

"இல்ல."

"நெனச்சேன்" என்றாள். "சரிக்கா, கூப்பிடுறாங்க. வைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அவள் சும்மா ஓடவில்லை, நான்தான் ஓட வைத்தேன் என்று சொல்லிக் குச்சி வைத்த கதையையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் இல்லாம நான் இங்க கெஸ்ட்டுங்ககிட்டப் பேச்சு வாங்கிட்டு இருக்கேன். நீங்க ரூமு ரூமாப் போயி நெருப்புக்குச்சி வச்சிட்டு இருந்தீங்களா? அதுக்கெல்லாம் ஒங்களுக்கு நேரம் இருந்துச்சா?"

மறுநாளிலிருந்து அவர் காரணமில்லாமல் துணி அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நான் எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

சீசன் முடிந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. பெரியக்காவும் மற்றவரும் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அடுத்த வருசத்துக்கு இப்பவே யோசிக்கணும். வயசானவங்களயே எடுப்போமா, இல்ல இளசுங்களத் தேடுவோமா?"

"வயசக் கேக்காதீங்க சேர்" என்றேன். "ஆளுக்கு இத்தன ரூமுன்னு சொல்லிருவோம். முடிச்சவங்க போகட்டும். குனிய முடியாதவங்களுக்கு அதுக்கேத்த வேலையக் குடுப்போம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "முடிச்சாப் போகலாம்னு விட்டா, ஒழுங்காச் செய்வாங்கன்னு நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எந்தப் பெண்ணாவது பன்னிரண்டு மணிக்குப் படியில் உட்கார்ந்திருந்தால் என் மனம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

"செஞ்சு பாப்போம் சேர்" என்றேன்.